சந்தைப் பாடமும் மலசலகூட நிதியும்: மட்டக்களப்பு முன்பள்ளி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இங்கே பதிவு செய்யப்படும் நிகழ்வு, மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் எழுவான்கரை ஊர்களில் ஒன்றிலுள்ள சிறிய தனியார் முன்பள்ளியில் 2023 மே மாதத்துக்கும் 2024ஆம் ஆண்டின் இறுதிக்கும் இடையில் நடந்தது. ஊரின் பெயரையும் பிள்ளைகள், பெற்றோர், குழு உறுப்பினர்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன். நான் அந்த முன்பள்ளியின் பொறுப்பாசிரியை. பிள்ளைகளின் சந்தைப் பாடத்தை மலசலகூடம் கட்டக் காசு சேர்க்கும் விழாவாக்குவது என்று முதலில் எடுக்கப்பட்ட தவறான முடிவுக்குக் கையொப்பமிட்டவர்களில் நானும் ஒருத்தி என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

இலங்கையில் 1945 முதல் இலவசக் கல்வி இருந்தாலும் அது தரம் 1இலிருந்துதான் பிள்ளையின் கையைப் பிடிக்கிறது. அதற்கு முந்திய முன்பள்ளிக் காலம் பெரும்பாலும் தனியாரிடமும் சமய நிறுவனங்களிடமும் ஊர்ச் சங்கங்களிடமும் விடப்பட்டிருக்கிறது. எங்கள் முன்பள்ளியும் கிழக்கு மாகாண முன்பள்ளிக் கல்விப் பணியகத்தில் பதிவு பெற்று, பெற்றோர் தரும் மாதக் கட்டணத்தில் இயங்குவதுதான். 2023இல் 46 பிள்ளைகளும் மூன்று ஆசிரியைகளும் இருந்தோம். கட்டணம் மாதம் 800 ரூபா. சம்பளம், மின்சாரம், தாள், வர்ணம் ஆகியவற்றுக்குப் பிறகு கையில் மிஞ்சுவது மிகக் குறைவு. பிள்ளைகளில் அரச உத்தியோகத்தர் வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். கடற்றொழிலாளர், மேசன்மார், கூலி வேலைக்குப் போவோர் வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். தாய் மத்திய கிழக்கில் வீட்டுவேலைக்குப் போயிருக்க, பெத்தாவின் (பாட்டியின்) கையில் வளரும் பிள்ளைகள் மட்டும் ஐந்து பேர்.

கட்டடம் 2004 கடற்கோளுக்குப் பின்னர் எழுந்தது. அப்போது கட்டிய மலசலகூடம்தான் இந்த நிகழ்வின் வேர். அது வளர்ந்தவர்களின் அளவில் கட்டப்பட்டது. மூன்று வயதுப் பிள்ளையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றால்தான் இருக்க முடியும். இந்தக் கரையோர மணலில் நிலத்தடி நீர் மேலேயே கிடக்கும். ஒக்டோபரில் வாடைமழை தொடங்கினால் குழியில் நீர் ஏறி, நவம்பரில் கோப்பையே நிரம்பி நிற்கும். கிணறும் தூரத்தில் இல்லை. நிலமட்டத்துக்கு மேலே தளம் உயர்த்தி, கீழே கசிவில்லாத தொட்டி வைத்து, சிறு பிள்ளைகளின் அளவில் இரண்டு அறைகளும் கை கழுவும் இடமும் கட்ட வேண்டும் என்பதில் எவருக்கும் மாற்றுக்கருத்து இருக்கவில்லை. பெற்றோரில் மேசன் ஒருவர் போட்டுத் தந்த மதிப்பீடு 385,000 ரூபா. கையில் இருந்தது 41,000 ரூபா.

சந்தைப் பாடம் முன்பு இருந்த விதம்

சிறுவர் சந்தை எங்கள் வருடாந்த வேலைத்திட்டத்தில் பல ஆண்டுகளாக இருந்துவந்த வகுப்பறைச் செயற்பாடு. பிள்ளைகள் வீட்டு வளவில் கிடைப்பதில் ஏதாவது ஒன்றைக் கொண்டுவருவார்கள். தேசிக்காய், கொச்சிக்காய், முருங்கைக்காய், இரண்டு கோழிமுட்டை, ஒரு சிரட்டை கச்சான் என்று எதுவானாலும் சரி. முதல் வாரம் முழுக்கப் பழைய கொப்பித் தாளில் நோட்டு வெட்டி, அதில் ஒன்று, இரண்டு, ஐந்து என்று புள்ளி குத்திக் காசு செய்வோம். சந்தை நாளில் பாதிப் பேர் விற்பார்கள், பாதிப் பேர் வாங்குவார்கள், பிறகு மாறிக்கொள்வார்கள். எண்ணுதல், கூடக்குறைய என்பதை அறிதல், நிறுத்தல், வணக்கம் சொல்லிப் பேச்சைத் தொடங்குதல், தன் முறைக்காகக் காத்திருத்தல் ஆகிய அனைத்தும் அந்த ஒன்றரை மணித்தியாலத்துக்குள் நடந்துவிடும். முடிவில் மரக்கறிகளை எல்லாம் ஒரே பானையில் போட்டுச் சமைத்து அன்று மதியம் எல்லோரும் சாப்பிடுவோம். யாருடைய கத்தரிக்காய் என்று எவருக்கும் தெரியாது.

முதல் முடிவு

2023 மே மாத இறுதியில் கூடிய முகாமைத்துவக் குழுவில், சந்தையை அந்த வருடம் பெரிதாகச் செய்து, ஊரை அழைத்து, உண்மையான காசுக்கு விற்று, வரும் பணத்தை மலசலகூட நிதியில் சேர்ப்பது என்று தீர்மானித்தோம். பெற்றோர் உற்சாகம் குறையாமல் இருக்க, ஒவ்வொரு பிள்ளையின் மேசைக்கும் சேர்ந்த தொகையை ஒலிபெருக்கியில் வாசித்து, முதல் மூன்று பேருக்குப் பரிசு கொடுப்பது என்ற யோசனை வந்தபோது எவரும் மறுக்கவில்லை. அது எங்கள் காதுக்குப் பழக்கமான ஒன்றாக இருந்தது. வைகாசிக் கண்ணகி அம்மன் சடங்குக் காலம் அது. கோயிலில் உபயகாரரின் பெயரும் தொகையும் வாசிக்கப்படுவதைக் கேட்டு வளர்ந்த நாங்கள், அதே ஒலிபெருக்கிக்காரரையே ஒழுங்கு செய்தோம். அதோடு, யூலையில் பிள்ளைக்கு ஒரு புத்தகம் வீதம், 100 ரூபாச் சீட்டுகள் 20 கொண்ட அதிர்ஷ்டலாபச் சீட்டுப் புத்தகம் கொடுத்து, ஒரு சிறுவர் துவிச்சக்கர வண்டியைப் பரிசாக வைப்பது என்றும் முடிவாயிற்று. அச்சகத்துக்கு 4,600 ரூபா கொடுத்துவிட்டோம்.

காலத்தையும் கவனித்திருக்க வேண்டும். 2022 நெருக்கடியில் ஏறிய விலைகள் எந்த வீட்டிலும் இறங்கியிருக்கவில்லை. அஸ்வெசும நலன்புரித் திட்டத்தின் பயனாளர் பெயர்ப்பட்டியல் அந்த யூனில்தான் வெளிவந்தது. பெயர் விடுபட்டவர்கள் மேன்முறையீட்டுக்காகப் பிரதேச செயலகங்களில் வரிசையில் நின்றுகொண்டிருந்த வாரங்கள் அவை. பட்டியலில் பெயர் இருக்கிறதா இல்லையா என்பதே ஊர்ப் பேச்சாக இருந்த வேளையில், நாங்களும் ஒரு பட்டியலைப் போட்டு ஒலிபெருக்கியில் வாசித்தோம். இதை நான் பின்னர்தான் உணர்ந்தேன்.

சந்தை நாளில் கண்டவை

43 பிள்ளைகள் வந்திருந்தார்கள். வளவில் பன்பாய்கள் விரித்து, சிறு மேசைகளை வரிசையாக வைத்திருந்தோம். முதல் அரை மணித்தியாலம் மிக அழகாக இருந்தது என்பதை மறுக்க முடியாது. பாலைப்பழம் விற்ற சிறுமி வாங்க வந்த எல்லோருக்கும் ஒரு பழத்தை ருசி பார்க்கக் கொடுத்தே பாதியைத் தீர்த்துவிட்டாள்.

அதற்குப் பிறகு சந்தை பிள்ளைகளின் கையை விட்டுப் போனது. வசதியான வீட்டார் தங்கள் பிள்ளையின் மேசையில் வீட்டுத் தேசிக்காய்க்குப் பதிலாகக் கேக், பொதி செய்த மிக்சர், தயிர்முட்டி என்று கடையில் வாங்கியவற்றை அடுக்கியிருந்தார்கள். மாமா, சித்தப்பா, தகப்பனோடு வேலை செய்பவர்கள் என்று வந்தவர்கள் தங்கள் பிள்ளையின் மேசைக்கே நேராகப் போய், ஆயிரம் ரூபாத் தாளை வைத்து, மிச்சம் வேண்டாம் என்றார்கள். மிச்சம் கொடுக்கத் தெரிய வேண்டும் என்பதுதான் பாடம். அதுவே அங்கே நடக்கவில்லை. விற்றவர்கள் பெற்றோர், வாங்கியவர்களும் பெற்றோர். பிள்ளை இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கதிரையில் இருந்தது.

வரிசையின் கடைசியில், கிணற்றடிப் பக்கம், பெத்தாவோடு வந்திருந்த நான்கரை வயதுச் சிறுவன் ஒருவன் பன்னிரண்டு கட்டுப் பொன்னாங்காணியோடு இருந்தான். கட்டுகள் ஒரே அளவில், வாழைநாரால் கட்டப்பட்டு, ஈரத்துணியால் மூடப்பட்டிருந்தன. ஒரு கட்டு 50 ரூபா. பத்து மணிக்கு நான் இரண்டு கட்டு வாங்கினேன். அதன் பிறகு எவரும் அந்தப் பக்கம் போகவில்லை. அவன் துணியை நனைத்துப் பிழிந்து திரும்பத் திரும்ப மூடிக்கொண்டிருந்ததை நான் இரண்டு தடவை பார்த்தேன். பார்த்துவிட்டு வேறு வேலைக்குப் போனேன்.

பதினொன்றரைக்குத் தொகைகள் வாசிக்கப்பட்டன. முதல் வந்த பிள்ளைக்கு 9,800 ரூபா. வாசித்தவர் கூடியதிலிருந்து குறைந்ததுக்கு இறங்கி வந்தார். கடைசிப் பெயர் அந்தச் சிறுவனுடையது. தொகை 100 ரூபா. யாரோ கைதட்டினார்கள். ஊக்கப்படுத்தும் எண்ணத்தில்தான் தட்டினார்கள் என்று நம்புகிறேன். மொத்தம் 61,450 ரூபா சேர்ந்தது. குழுவில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. எனக்கும்தான்.

அடுத்த இரண்டு வாரங்கள்

வழக்கமாக ஒரு நாளைக்கு மூன்று அல்லது நான்கு பிள்ளைகள் வராமல் இருப்பார்கள். சந்தைக்கு அடுத்த திங்கட்கிழமை ஒன்பது பேர் வரவில்லை. இரண்டு வாரம் கழித்து வரவு இடாப்பை எடுத்து வைத்துப் பார்த்தபோது, அந்தக் காலத்தில் மூன்று நாட்களுக்கு மேல் வராதிருந்தவர்கள் ஏழு பேர். அவர்களில் ஐந்து பேர் ஒலிபெருக்கியில் கடைசியாக வாசிக்கப்பட்ட பத்துப் பெயர்களுக்குள் இருந்தார்கள். அந்த நாட்களில் ஊரில் காய்ச்சலும் இருந்தது. அந்த ஐவரில் இருவருக்கு உண்மையிலேயே காய்ச்சல் என்று பின்னர் தெரிந்தது. ஆகவே இந்த எண்ணிக்கையை மட்டும் வைத்து எதையும் அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன்.

ஆனால் இடாப்பில் எழுத முடியாத ஒன்றை வகுப்பறையில் கண்டோம். எங்கள் விளையாட்டு மூலைகளில் பிள்ளைகளுக்கு மிகப் பிடித்தது கடை மூலை. வெறும் பெட்டிகள், ஒரு தராசு, மரக்கறிப் பொம்மைகள், கடதாசிக் காசு ஆகியவை அங்கே இருக்கும். அந்த வாரம் அங்கே நின்ற ஒரு சிறுமி இன்னொரு பிள்ளையிடம், "நீ முதலாளியா வரேலா, உனக்குக் காசு வரல்ல" என்று சொன்னதை உதவி ஆசிரியை கேட்டிருக்கிறார். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஒலிபெருக்கி சொன்னதை அவள் விளங்கிக்கொண்ட விதம் அதுதான். நாலு வயதில் அதைவிடச் சரியாக அதை விளங்கிக்கொள்ள முடியாது. அதன் பிறகு சில பிள்ளைகள் கடை மூலைக்குப் போவதையே விட்டுவிட்டார்கள்.

பொன்னாங்காணி கொண்டுவந்த சிறுவன் பத்து நாட்களாக வரவில்லை. சந்தை நடந்து பன்னிரண்டாம் நாள் நான் அவன் வீட்டுக்குப் போனேன். தாய் குவைத்தில், தகப்பன் அவர்களோடு இல்லை. பெத்தா விடிய நாலு மணிக்கு எழும்பிக் கீரை பிடுங்கிக் கட்டி, கடைத்தெருவில் கொண்டுபோய் வைத்து விற்பவர். சந்தைக்கென்று தனியாக ஒரு பாத்தியை இரண்டு வாரம் தண்ணீர் ஊற்றி வளர்த்ததாகச் சொன்னார். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்:

"பெத்தாட கீரைய ஒருத்தரும் வாங்கல்லயாம், இனிக் கொண்டு போகாதீங்க எண்டு அழுறான் ரீச்சர். கீரை வைக்கிற கடகத்தையும் எங்கயோ ஒழிச்சு வெச்சிட்டான். மூணு நாளாத் தேடிப் போட்டு, மறுகா நான் சாக்குல கொண்டு போறன்."

குறைவாக விற்றதால் பிள்ளை மனம் வருந்தியிருக்கும் என்றுதான் எண்ணிப் போயிருந்தேன். அந்த வீட்டுக்குச் சோறு போடும் தொழிலே வெட்கப்பட வேண்டியது என்று ஒரு பிள்ளைக்குக் கற்பித்துவிட்டோம் என்பதை அங்கேதான் அறிந்தேன். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர், "நீங்க என்ன செய்யிற மகள், காசு தேவைதானே" என்றார்.

குழுவில் நடந்த விவாதம்

சீட்டுப் புத்தகங்கள் அச்சாகி வந்து என் மேசையில் இருந்தன. அவற்றை விநியோகிக்காமல் வைத்துக்கொண்டு யூலை முதல் வாரத்தில் குழுவைக் கூட்டச் சொன்னேன். ஒன்பது பேர் வந்திருந்தார்கள். இடாப்பையும் கடை மூலையில் கண்டதையும் சொன்னேன். பெத்தாவிடம் அனுமதி பெற்றிருந்ததால் கடகம் ஒழித்து வைக்கப்பட்டதையும் சொன்னேன்.

தலைவர், ஓய்வுபெற்ற லிகிதர், இரக்கமில்லாதவர் அல்லர். அவருடைய வாதம் நேர்மையானது. மழைக்கு மூன்று மாதம்தான் இருக்கிறது, இன்னும் இரண்டே முக்கால் இலட்சத்துக்கு மேல் வேண்டும், பிள்ளைகள் ஒரு மாதத்தில் மறந்துவிடுவார்கள், ஆனால் நிரம்பி வழியும் குழி மறந்துபோகாது என்றார். பொருளாளர், போட்டி இல்லாவிட்டால் கொடுக்கக்கூடியவர்களும் கொடுக்க மாட்டார்கள் என்றார். இரண்டுக்கும் என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.

பேச்சைத் திருப்பியவர் பெற்றோர் பிரதிநிதியாக இருந்த கடற்றொழிலாளர். கூட்டங்களில் பெரும்பாலும் பேசாதவர். "கோயில்ல வரி வேற, உபயம் வேற. வரி எல்லாருக்கும் ஒரே கணக்கு, ஆரும் அதை மைக்கில வாசிக்கிறல்ல. உபயம் ஏலுமானவன் செய்யிற, அவன்ட பேரை வாசிக்கலாம். நாம இஞ்ச வாங்குறது வரியா உபயமா எண்டு முதல்ல சொல்லுங்க" என்றார்.

நாங்கள் செய்த பிழை எதுவென்று எனக்கு அப்போதுதான் சொல்லில் வந்தது. வரியைப் போல எல்லா வீட்டையும் கட்டாயப்படுத்தினோம். உபயத்தைப் போல எல்லாத் தொகையையும் பகிரங்கப்படுத்தினோம். ஊர் வழக்கம் இந்த இரண்டையும் பிரித்து வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. நாங்கள் இரண்டையும் ஒன்றாக்கி, அதையும் கொடுத்தவரின் பெயரில் அல்லாமல் பிள்ளையின் பெயரில் வாசித்தோம். உபயகாரர் தன் விருப்பத்தில் பெயரைக் கொடுக்கிறார். நான்கு வயதுப் பிள்ளை அப்படி எந்த விருப்பத்தையும் தெரிவித்திருக்கவில்லை.

எடுக்கப்பட்ட முடிவுகளும் அவற்றுக்கான காரணங்களும்

சீட்டுப் புத்தகங்களைக் கைவிடுவது என்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் முடிவாயிற்று. அச்சுக்கூலி 4,600 ரூபா நட்டமாக எழுதப்பட்டது. விற்காத சீட்டைத் திருப்பிக் கொண்டுவரும் பிள்ளையும், விற்க முடியாமல் தானே காசு கட்டும் வீடும் மறுபடி அதே பத்துப் பெயர்களாகத்தான் இருக்கும் என்பதே காரணம். நுண்கடன் தவணைக்காரர் வாரந்தோறும் வாசலுக்கு வரும் வீடுகள் எங்கள் பெற்றோரிடையே இருக்கின்றன. அந்த வாசலுக்கு இன்னொரு தவணையாகப் பாடசாலை போக வேண்டியதில்லை.

அதற்கு மாற்றாக, எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரியான, பெயரும் இலக்கமும் இல்லாத 46 கடித உறைகள் கொடுத்தோம். வெறும் உறையாக வந்தாலும் திருப்பிக் கொண்டுவர வேண்டும், உறையைப் பெரியவர் ஒருவரே அலுவலகப் பெட்டியில் போட வேண்டும், பிள்ளையின் கையில் கொடுத்தனுப்பக் கூடாது என்பவை நிபந்தனைகள். பற்றுச்சீட்டு வேண்டியவர்கள் பொருளாளரிடம் தனியாகப் பெற்றுக்கொள்ளலாம். வரவுசெலவுப் புத்தகத்தில் மொத்த வரவும் ஒவ்வொரு செலவும் யாரும் பார்க்கக்கூடியவாறு இருக்கும். யார் எவ்வளவு என்பது இருக்காது. கணக்கை மறைக்கிறோமோ என்ற சந்தேகம் வரக்கூடாது என்பதில் பொருளாளர் மிகக் கவனமாக இருந்தார். சீமெந்துப் பற்றுச்சீட்டு முதல் ஆணி வாங்கிய துண்டு வரை அந்தப் புத்தகத்தில் ஒட்டினார்.

காசாகக் கொடுக்க முடியாதவர்கள் உழைப்பாகக் கொடுக்க விரும்புவார்கள் என்பது கூட்டத்தில் தானாக வந்த யோசனை. மேசன் தகப்பன் கூலி இல்லாமல் கட்டித்தருவதாகவும், இருவர் கையாளாக நிற்பதாகவும், ஒருவர் கல்லும் மணலும் ஏற்றித் தருவதாகவும் ஏற்றுக்கொண்டதால் தேவையான காசு 262,000 ரூபாவாகக் குறைந்தது. அந்தக் கூட்டத்தின் மிகப் பெரிய நன்கொடை இதுதான். சந்தையில் இவர்களுடைய பிள்ளைகள் எல்லோரும் பட்டியலின் கீழ்ப்பாதியில்தான் இருந்தார்கள்.

இன்னும் ஒரு முடிவு, இன்றுவரை குழுவில் ஒத்த கருத்து ஏற்படாதது. எங்கள் பிள்ளை ஒருவரின் வெளிநாட்டு உறவினர், 150,000 ரூபா தருவதாகவும், பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, நன்றி எழுதிய பதாகையோடு ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்றும் கேட்டிருந்தார். காலமான தம் தாயாரின் பெயரைச் சுவரில் பொறிக்கக் கேட்டிருந்தால் நான் மனமுவந்து சம்மதித்திருப்பேன், அது உபயம். பிள்ளைகளை நன்றி சொல்ல நிறுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. சுவரில் பெயர் பொறிக்கலாம், பிள்ளைகள் படத்தில் வேண்டாம் என்று மரியாதையாக எழுதினோம். பதில் வரவில்லை. இருவர் அந்த முடிவைத் தவறு என்றே இன்றும் கருதுகிறார்கள். அடுத்த பகுதியில் சொல்லப்படும் மழைக்கால நிகழ்வுகளை வைத்துப் பார்த்தால் அவர்களைக் குறை சொல்ல என்னால் முடியாது.

பின்னர் நடந்தவை

46 உறைகளில் 44 திரும்பி வந்தன. அவற்றில் 53,700 ரூபா இருந்தது. சந்தையில் சேர்ந்ததைவிடக் குறைவு. வெறும் உறைகள் ஏழு. எந்த வீட்டு உறை வெறுமையாக இருந்தது என்பது எனக்குத் தெரியாது. தெரியாததனால் மறுநாள் எல்லாப் பெற்றோரையும் ஒரே முகத்தோடு பார்க்க முடிந்தது என்பதை இங்கே எழுதியே ஆக வேண்டும். எங்கள் முன்பள்ளியில் படித்து இப்போது வேலை பார்க்கும் பழைய பிள்ளைகளுக்கும் ஊர் நலன்விரும்பிகளுக்கும், இன்ன பொருள் இன்ன விலை என்று பட்டியலிட்டுக் கடிதம் எழுதியதில் நவம்பர் வரை சிறுகச் சிறுக 96,600 ரூபா வந்தது. முன்பிருந்ததையும் சந்தைப் பணத்தையும் சேர்த்து, அச்சு நட்டத்தைக் கழித்துக் கையில் இருந்தது 248,150 ரூபா. குறைந்த 13,850 ரூபாவுக்கு இரும்புக்கடைக்காரர் மார்ச் வரை கடன் தந்தார்.

ஆனால் காலம் பிந்திவிட்டது. ஒக்டோபருக்குள் முடிய வேண்டிய வேலை, மழையில் குழி வெட்ட முடியாமல் நின்று, 2024 ஜனவரி இறுதியில்தான் முடிந்தது. நவம்பரில் பழைய மலசலகூடம் நிரம்பியது. ஆறு நாட்கள் முன்பள்ளியை மூட நேர்ந்தது. மற்ற நாட்களில் அடுத்த வீட்டு அம்மா தம் வீட்டு மலசலகூடத்தைத் திறந்துவிட்டார். குடையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக வேலியோரமாகக் கூட்டிச்சென்றோம். இரு பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வந்தது. அதற்கும் குழிக்கும் தொடர்பு இருந்ததா என்று சொல்ல முடியாவிட்டாலும், தலைவர் யூலையில் சொன்னது என் காதில் ஒலித்துக்கொண்டேயிருந்தது.

பொன்னாங்காணி கொண்டுவந்த சிறுவன் யூலை நடுப்பகுதியில் திரும்பி வந்தான். ஆனால் பழையபடி பேசவில்லை. பெத்தாவை ஒரு நாள் வகுப்புக்கு அழைத்து, கீரை கட்டும் விதத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டச் சொல்லலாம் என்று எண்ணிக் கேட்டேன். அவர் வேண்டாம் என்றார். பிழையைச் சீர்செய்யும் அவசரத்தில் அவரை மறுபடி மேடையில் ஏற்றப் பார்த்தேன் என்று இப்போது தோன்றுகிறது. ஓகஸ்டில் அவனைச் சின்னம்மா வீட்டுக்குப் பக்கத்திலிருந்த வேறொரு முன்பள்ளியில் சேர்த்தார்கள். சின்னம்மா பார்த்துக்கொள்வார், போக்குவரத்து வசதி என்று காரணம் சொல்லப்பட்டது. அது உண்மையாகவும் இருக்கலாம்.

2024 யூனில் சந்தை மறுபடி நடந்தது. கடதாசிக் காசுதான், ஒவ்வொரு பிள்ளைக்கும் பத்து நோட்டு. வளவில் விளைந்ததில் ஏதாவது ஒன்று, ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம் என்று வீடுகளுக்கு எழுதினோம். பெற்றோர் வேலிக்கு இந்தப் பக்கம் வரலாம், ஆனால் வாங்கவோ விற்கவோ கூடாது. ஒரு சிறுவன் வெண்டிக்காய் வாங்கி இரண்டு நோட்டைக் கொடுத்துவிட்டு, மிச்சம் தரும்வரை கையை நீட்டியபடியே நின்றான். விற்ற சிறுமி தன் நோட்டுகளைத் தரையில் பரப்பி, புள்ளிகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணி, ஒன்றைத் திருப்பிக் கொடுத்தாள். இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுத்தது. பின்னால் நால்வர் காத்து நின்றார்கள். முந்திய வருடம் அந்த வளவில் ஒரு தடவைகூட நடக்காத காரியம் அது. மதியம் எல்லாவற்றையும் ஒரே பானையில் சமைத்தோம். இது எல்லோருக்கும் பிடித்தது என்று சொல்ல முடியாது. விழா எடுபடவில்லை என்று சில பெற்றோர் குறைப்பட்டார்கள். இரண்டு வீட்டார் அடுத்த வருடத்துக்குப் பிள்ளையைக் கலைவிழா பெரிதாக நடத்தும் வேறு இடத்தில் பதிந்துகொண்டார்கள்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

கட்டட வேலைக்கான சேகரிப்பை மே மாதத்தில் அல்ல, ஜனவரியில் தொடங்கியிருக்க வேண்டும். அவசரமே எங்களைப் போட்டிக்குத் தள்ளியது. மெதுவாக வரும் காசுக்கு நேரம் வேண்டும். இந்தக் கரையில் மழைக்கு முந்திய ஒன்பது மாதங்கள்தான் அந்த நேரம்.

சந்தையன்று நான் இரண்டு தடவை பார்த்துவிட்டுப் போன கணத்தில் நின்றிருக்க வேண்டும். ஒலிபெருக்கியை நிறுத்தும் அதிகாரம் எனக்கு இருந்தது. வீட்டுக்குப் போவதற்குப் பன்னிரண்டு நாட்கள் எடுத்தது மிக அதிகம். இப்போது ஒரு பிள்ளை மூன்று நாட்கள் வராவிட்டால் நான்காம் நாள் ஒரு ஆசிரியை வீட்டுக்குப் போக வேண்டும் என்பது எங்கள் ஒழுங்கு. இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

வகுப்பறைச் செயற்பாடு எதையும் நிதி சேர்ப்பதற்குப் பயன்படுத்துவதில்லை என்று குழுவின் கூட்டறிக்கைப் புத்தகத்தில் எழுதி ஒன்பது பேரும் கையொப்பமிட்டிருக்கிறோம். விளையாட்டு விழாவில் தேநீர்க் கடை போட்டுக் காசு சேர்க்கலாமா என்ற கேள்வி அதன்பின் வந்தபோது, கடையைப் பெற்றோர் நடத்தலாம், பிள்ளைகள் நிற்கக் கூடாது, எந்த வீட்டுப் பலகாரம் எவ்வளவு விற்றது என்று எழுதக் கூடாது என்று அனுமதித்தோம். எல்லா இடத்திலும் கோடு இவ்வளவு தெளிவாக விழும் என்று நான் நினைக்கவில்லை. வெளிநாட்டு உதவியையும் படங்களையும் பற்றி எழுத்தில் ஒரு ஒழுங்கு இன்னும் இல்லை. அது செய்யப்பட வேண்டியிருக்கிறது.

2024 டிசம்பரில் அடுத்த வருட அனுமதிக்காக விண்ணப்பப் படிவம் கொடுத்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெத்தா வந்தார். சிறுவனின் தங்கைக்கு மூன்று வயது முடிந்திருந்தது. புதிய மலசலகூடத்தை எட்டிப் பார்த்துவிட்டு, கட்டணத்தைப் பற்றியோ சீருடையைப் பற்றியோ எதுவும் கேட்காமல், "சந்தை வெக்கிறயா இன்னும் ரீச்சர்?" என்று கேட்டார். வைக்கிறோம், இப்போது கடதாசிக் காசு, எல்லாரும் பத்து நோட்டு என்றேன். அவர் படிவத்தை மடித்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போனார். இதை எழுதும் ஜனவரி நடுப்பகுதி வரை அது திரும்பி வரவில்லை. அந்தப் பிள்ளைக்கான இடத்தை இடாப்பில் இன்னும் நிரப்பாமல் வைத்திருக்கிறேன்.